கேட்டுட்டு வரேன்

சித்தி,

இந்த மடலில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக எதையும் விடவும் மாட்டேன். ஏன் இப்படி உறுதி எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன் என்று உனக்குத் தெரியும்.

நேற்று மாலை உன் விடுதித் தோழி சந்தாபுராவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்லூரியில் நீ விட்டுப்போன பொருள்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டி, வாடகைக் காரில் கொண்டுவந்தார். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றதாகச் சொன்னார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். அவர் போன பிறகுதான் பெட்டியைப் பிரித்தோம். எபிரேய இலக்கணப் புத்தகம், ரப்பர் பேண்டு போட்ட சொல் அட்டைகள், ஆராதனைக்கு நீ கட்டும் வெள்ளைப் புடவை, எல்லாவற்றுக்கும் அடியில் நீல பிளாஸ்டிக் ஃபைல். புடவையை அம்மா எடுத்துக்கொண்டாள். ஃபைலை நான் எடுத்துக்கொண்டேன். திறந்ததும் ஆஸ்பத்திரியில் கைக்குத் தேய்க்கும் மருந்தின் வாசனை வந்தது. இரண்டு வருடம் மூடிக்கிடந்த ஃபைலில் அந்த வாசனை இருக்க முடியுமா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உள்ளே உன் ஆஸ்பத்திரிப் பயிற்சி அறிக்கைகள் வரிசையாக இருந்தன. நான்காவது மட்டும் இரண்டு பிரதி. ஒன்று நான் ஆங்கிலத்தில் டைப் செய்தது. அதன் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. மற்றொன்று உன் நோட்டிலிருந்து கிழித்த தமிழ்ப் பக்கங்கள். அதில் கோடு எதுவும் இல்லை.

நீ அம்மாவின் கடைசித் தங்கை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து மேல்தோல் தைத்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. முடித்தாய். இருபத்தாறு வயதில், ஆயராகப் படிக்கப் போகிறேன் என்றாய். நம் திருச்சபையின் பேராயம் உன்னைத் தேர்ந்தெடுத்துப் பெங்களூரில் இறையியல் கல்லூரிக்கு அனுப்பியது. நான்கு வருடப் படிப்பு, பி.டி. என்பார்கள். அந்தச் செய்தியோடு நீ எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொம்பளப் பிள்ள அங்கி போட்டுக்கினு நின்னா யாருடி வந்து கட்டுவான்?" என்றாள்.

"அங்கிய நானே தச்சுப்பேன்க்கா. அளவு சரியா இருக்கும்" என்று நீ சொன்னாய். அம்மா கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனாலும் அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

படிப்பு உனக்குச் சுலபமாக இல்லை. எல்லாம் ஆங்கிலம். நீ பத்தாவது வரை தமிழில் படித்தவள். முதல் வருடம் எபிரேயத்தில் தோற்று, மறுதேர்வில் தேறினாய். பேராயத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்னொரு பாடத்தில் தவறினால் உன் பெயரை மறுபரிசீலனை செய்ய நேரும் என்று இருந்தது. நீ அதை அப்பாவிடம் காட்டினாய்.

"அப்படின்னா என்ன மாமா?"

அப்பா இரண்டு தடவை படித்தார். "பொட்டியக் கட்டுன்னு அர்த்தம் ரெவரெண்டம்மா" என்றார்.

அப்பா உன்னை முதல் நாளிலிருந்தே ரெவரெண்டம்மா என்றுதான் கூப்பிட்டார். சாம்பாரில் உப்புக் குறைந்தால், ஜெபம் பண்ணிச் சரிசெய் என்பார். அன்று மட்டும் கேலி இல்லாமல் அந்தப் பெயரைச் சொன்னார்.

இரண்டாம் வருட முடிவில் ஆஸ்பத்திரிப் பயிற்சி வந்தது. பத்து வாரம். கோடை விடுமுறை என்பதால் விடுதியில் சாப்பாடு கிடையாது. ஆஸ்பத்திரியும் எங்கள் பக்கம்தான் என்று நீ எங்களோடு தங்க வந்தாய். நான் எட்டாவது முடித்திருந்தேன். என் அறையில் உனக்கு ஒரு கட்டில் போட்டோம். ஃப்ரிட்ஜ் கதவில் கிரேக்கச் சொல் அட்டைகளை ஒட்டினாய். தயிர் எடுக்கப் போகிறவர்கள் ஒரு வினைச்சொல் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டாய். அம்மாவுக்கு இரண்டு சொற்கள் மனப்பாடம் ஆயின. எனக்கு முப்பத்தாறு. என்னை நீ டீச்சரம்மா என்றாய். நான் எல்லோரையும் திருத்திக்கொண்டே இருந்ததுதான் காரணம். அப்பாவின் கன்னடத்தை, அம்மாவின் மளிகைச் சீட்டை, கோயிலில் பலகையில் ஞானப்பாட்டு எண் தவறாகப் போட்டிருந்தால் அதையும். இப்போதும் திருத்துகிறேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிப் பயிற்சி என்றால் என்ன என்று நீ முதல் நாளே சொன்னாய். நோயாளிகளோடு பேசிவிட்டு வந்து, பேசியதை வரிக்கு வரி எழுத வேண்டும். அதற்கு வெர்பாட்டிம் என்று பெயர். நோயாளியின் முன்னால் பேனா எடுக்கக் கூடாது, போனில் பதியக் கூடாது. வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, நினைவிலிருந்து எழுத வேண்டும். நோயாளி சொன்னதற்கு நோ 1, நோ 2. மாணவி சொன்னதற்கு மா 1, மா 2. திக்கினால் திக்கியதை எழுத வேண்டும். மௌனம் இருந்தால் மௌனத்தை எழுத வேண்டும். பிறகு அதைக் குழுவில் எல்லோர் முன்னும் வாசிப்பார்கள். ஒரு மாணவர் நோயாளியாகவும் இன்னொருவர் நீயாகவும் வாசிப்பார்களாம். "நம்ம பேச்ச இன்னொருத்தர் பேசறப்பத்தான் எவ்ளோ ஓட்டைன்னு தெரியும்" என்றாய்.

உன் மேற்பார்வையாளர் ஒரு மலையாளி போதகர். அவருக்குத் தமிழ் பேசினால் ஓரளவு புரியும், படிக்க வராது. அறிக்கை ஆங்கிலத்தில் வேண்டும். நீ நோட்டில் தமிழில் எழுதிவருவாய். அதை நான் ஆங்கிலமாக்கி அப்பாவின் லேப்டாப்பில் டைப் செய்வேன். நோயாளியின் பெயர் இருக்காது, ஆனாலும் அந்த நோட்டை வெளியாள் பார்க்கக் கூடாது என்பது விதி. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உனக்கு முன்பே தெரியும். மறுபரிசீலனைக் கடிதம் உன் பையில் இருந்ததால் நீ அந்த விதியை மீறினாய். இதையும் எழுதத்தான் வேண்டும்.

முதல் மூன்று அறிக்கைகளை நான் சரியாகத்தான் எழுதினேன். நான்காவதில்தான் அது நடந்தது.

நோயாளி, ஆனேக்கல் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை பார்த்தவர். சர்க்கரையால் கால் அழுகிப்போய், மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுப்பதாக இருந்தது. உன் நோட்டில் இப்படி இருந்தது. இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நோ 1: நாளைக்குக் கால எடுக்கறாங்களாம்.

மா 1: ஆமாங்க. சொன்னாங்க.

நோ 2: எடுத்துட்டு எங்க போடுவாங்க?

மா 2: எதங்க?

நோ 3: காலத்தாம்மா.

(மௌனம்.)

மா 3: தெரியலங்க. கேட்டுட்டு வரேன்.

அதற்குக் கீழே, நீ எழுந்து போய் மூன்று பேரிடம் விசாரித்ததும், இருபது நிமிடம் கழித்துத் திரும்பியதும் இருந்தது.

நோ 4: வந்துட்டியாம்மா. போறவங்க வரமாட்டாங்கன்னு நெனச்சேன்.

மா 4: இங்கயே எரிச்சிருவாங்களாம். வேணும்னா எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வாங்கிக்கலாமாம்.

நோ 5: பேடாம்மா, வேணாம். பையன் பயந்துடுவான். இங்கயே எரிக்கட்டும்.

அவ்வளவுதான். பிறகு அவர் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். நீ ஜெபம்கூடப் பண்ணவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது, சித்தி. உனக்காக வெட்கப்பட்டேன். ஒரு மனிதனுக்குக் காலை எடுக்கப்போகிறார்கள், போதகராகப் போகிறவள் "தெரியல" என்கிறாள். குழுவில் இதை வாசித்தால் சிரிப்பார்கள், உன்னை ஃபெயில் ஆக்கிவிடுவார்கள், நீ ஷூ தைக்கத் திரும்பிப் போவாய் என்று நினைத்தேன். அதனால் மா 3-ஐ மாற்றினேன். ஒரு சங்கீத வசனம் சேர்த்தேன். அதன் பின் பன்னிரண்டு வரியில் ஒரு ஜெபம் எழுதினேன். நோயாளி கண்ணீரோடு ஆமென் சொல்லி, என் பாரம் இறங்கிவிட்டது என்று சொன்னதாக முடித்தேன். எழுதி முடித்து நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். ரொம்ப நன்றாக இருப்பதாகப் பட்டது. உன்னிடம் சொல்லவில்லை. நீயும் படித்துப் பார்க்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய்.

குழுவில் உன் அறிக்கையின் முறை வர மூன்று நாள் இருந்தது. மேற்பார்வையாளர் முன்னதாகவே படித்துவிட்டார். நான் ஒரு தவறு செய்திருந்தேன். முதல் பத்தியில், படுக்கை, வெளிச்சம், ஆள் எப்படியிருந்தார் என்று நீ எழுதியதையெல்லாம் ஒழுங்காக மொழிபெயர்த்திருந்தேன். நெற்றியில் விபூதி, மணிக்கட்டில் மாதேஸ்வரன் மலையில் கட்டிய கறுப்புக் கயிறு. அந்த மனிதரைத்தான் கடைசியில் ஆமென் சொல்ல வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் நேராக வார்டுக்குப் போய் அவரைப் பார்த்தார். கால் எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "அந்தம்மாவா? அவங்க ஒண்ணும் சொல்லலீங்க. போய்க் கேட்டுட்டு வந்தாங்க" என்று அவர் சொன்னாராம்.

அன்று நீ மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, டைப் செய்த தாளை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாய். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இது யாரு சொன்னது?"

"நீதான்" என்றேன். அதுதான் நான் சொன்ன இரண்டாவது பொய்.

"நான் சொல்லல."

"நல்லா இருக்கட்டும்னுதான் சித்தி."

நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ தாளை மடித்தாய். "அந்த ஆளு எவ்ளோ கஷ்டப்பட்டு அந்தக் கேள்வியக் கேட்டாரு தெரியுமா? அதத் தூக்கிட்டு உன் ஜெபத்த வச்சிருக்க" என்றாய். உன் குரல் உயரவே இல்லை. பிறகு குளியலறைக்குள் போய்விட்டாய். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

இல்லாததை எழுதினால் பயிற்சியில் தோல்வி. அந்த விதியை எல்லா மாணவருக்கும் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தோல்வி என்றால் பேராயம், பேராயம் என்றால் பெட்டி. அம்மா அழுதாள். எழுதியது நான் என்று சொல்லப்போவதாகச் சொன்னேன். சொன்னால், நோட்டை வெளியாளிடம் கொடுத்தது தெரிந்துவிடும், அதற்கும் தண்டனை உண்டு என்று அப்பா யோசித்தார். நீதான் முடிவு செய்தாய். "ரெண்டையும் சொல்லிடலாம். ஒண்ண மறைச்சா அதுவும் அந்த நாலாவது வெர்பாட்டிம் மாதிரி ஆயிடும்."

மறுநாள் உன்னோடு நானும் பஸ்ஸில் வந்தேன். ஆஸ்பத்திரிக் கோயிலை ஒட்டிய சின்ன அறை. மேஜையில் டிஷ்யூ பெட்டி ஒன்று, அதில் கடைசித் தாள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் நீ உன் ஆங்கிலத்தில் சொன்னாய், முதல் தப்பு என் தப்பு, இவள் செய்தது அதற்கு அப்புறம் என்று. மேற்பார்வையாளர் நோட்டைக் கேட்டார். அவருக்கு அதைப் படிக்க வராது. என்னிடமே நீட்டி, இதில் இருப்பதை மட்டும் இங்கேயே ஆங்கிலத்தில் சொல் என்றார்.

சொன்னேன். மா 1, மா 2 எல்லாம் சொன்னேன். மௌனம் என்ற இடம் வந்ததும் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். அவர் நிறுத்தினார். எவ்வளவு நேரம் மௌனம் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? உன்னைப் பார்த்தேன். நீ தமிழில் சொன்னாய், "அவரு போர்வைய ரெண்டு தடவ இழுத்து விட்டாரு. அவ்ளோ நேரம்." நான் அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். "தெரியல, கேட்டுட்டு வரேன்" என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அது பக்தியால் அல்ல, பயத்தால்.

அவர் சொன்ன முடிவு இதுதான். நான்காவது அறிக்கை செல்லாது. பயிற்சி இரண்டு வாரம் நீளும். இனி எல்லா அறிக்கையும் நீயே, உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பிழையோடு எழுத வேண்டும். உன்னைப் பாராட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது மட்டும், நீ போய்க் கேட்ட அந்த மூன்று பேர் யார் யார் என்று விசாரித்தார். நீ சொன்னாய். அவர் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நீ என் அறையில் உட்கார்ந்து எழுதும்போது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இறந்தகாலத்தில் எழுத வேண்டியதை நிகழ்காலத்தில் எழுதினாய். "ஒரே ஒரு ஸ்பெல்லிங் மட்டும் சொல்லுடி" என்று கெஞ்சினாய். நான் சொல்லவில்லை. "பாவி" என்றாய். பன்னிரண்டு வாரம் முடிந்து பயிற்சியில் தேறினாய். அப்பா மைசூர்பாக் வாங்கிவந்தார். தயிருக்கு வினைச்சொல் கேட்கும் சட்டத்தை அன்று ஒருநாள் தளர்த்தினாய்.

நான்காம் வருடம், தீசிஸ் பாதியில் இருந்தபோது காய்ச்சல் வந்தது. முதலில் டெங்கு என்றார்கள். பிறகு ரத்தத்தில் இருக்கிற வியாதி என்றார்கள். ஜனவரி முழுவதும் ஆஸ்பத்திரி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நீளமாக ஜெபித்தார்கள். எல்லோரும், நீ பட்டம் வாங்குவாய், அங்கி போட்டு நிற்பாய், நாங்கள் முன்வரிசையில் உட்காருவோம் என்றார்கள். நீ எல்லோருக்கும் தேங்க்ஸ் சொன்னாய்.

ஒரு சனிக்கிழமை, பள்ளி அரைநாள் விட்டதும் சீருடையோடு வந்தேன். அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நீ என்னைக் கேட்டாய், "பட்டமளிப்புல எம் பேரு வாசிப்பாங்களா டீச்சரம்மா?"

கண்டிப்பா வாசிப்பாங்க என்ற பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உண்மையாகவே இருந்தது. நான் சொன்னது, "தெரியல சித்தி. கேட்டுட்டு வரேன்."

திங்கட்கிழமை உன் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். என் பெயரைச் சொன்னதும் ஞாபகம் வைத்திருந்தார். கல்லூரி அலுவலகத்தில் விசாரித்து வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார். கேட்ட பிறகு இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைத் தடுத்திருப்பாள். சனிக்கிழமை உன்னிடம் வந்து சொன்னேன். அதற்குப் பதினோரு நாள் கழித்து நீ போய்விட்டாய்.

நான் சொன்னது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. இப்போது பி.யூ.சி., அதாவது பதினொன்றாவது, படிக்கிறேன். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், பதில் தெரியாவிட்டால், போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வருகிறேன். போவது சுலபமாக இருக்கிறது. திரும்பி வருவதுதான் சுலபமாக இல்லை. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். சொல் அட்டைகளில் பாதி மறந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமையை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. நேற்று ஃபைலின் கடைசியில் காலியாக ஒரு படிவம் இருந்தது. அதில் எழுதி உன் அறிக்கைகளுக்குப் பின்னால் வைக்கப் போகிறேன். உன் முறைப்படியே.

இடம்: பெண்கள் வார்டு, ஜன்னலோரப் படுக்கை. சனிக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. நோயாளி: முப்பது வயது, தலையணையில் சாய்ந்திருக்கிறார், தலையில் அம்மா பின்னிய நீலத் தொப்பி. மாணவி: பள்ளிச் சீருடை, கையில் டிபன் பை.

நோ 1: கேட்டியா?

மா 1: கேட்டேன்.

நோ 2: என்னவாம்?

மா 2: வாசிக்க மாட்டாங்களாம் சித்தி. தீசிஸ் முடிச்சவங்க பேரு மட்டும்தான் பட்டியல்ல வருமாம்.

(மௌனம். பக்கத்துப் படுக்கை அம்மா ஒரு ஆரஞ்சை முழுவதும் உரித்து முடித்தார்.)

மா 3: அன்னிக்கு ஆராதனையில, ஜெபத்துல உம் பேரச் சொல்வாங்களாம்.

நோ 3: ஜெபத்துல முதலமைச்சர் பேரும்தான் வருது.

(மௌனம். இது முதல் மௌனத்தைவிடச் சின்னது.)

நோ 4: போதகர் ஐயா என்ன சொன்னாரோ அத அப்படியே இங்கிலீஷ்ல சொல்லு.

மா 4: (சொன்னேன். நான்கு வாக்கியம்.)

நோ 5: கூட எதுவும் சேக்கலயே?

மா 5: இல்ல.

(நோயாளி சிரித்தார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது சிரிப்பா இருமலா என்று மாணவிக்குத் தெரியவில்லை.)

நோ 6: எல்லாரும் வாசிப்பாங்கன்னாங்க. யாரும் போய்க் கேக்கல.

மா 6: ஜெபம் பண்ணட்டுமா சித்தி?

நோ 7: வேணாம். உக்காரு.

மாணவி உட்கார்ந்தாள். மணி இரண்டு ஆயிற்று. ஓய்வு நேரம் என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் வந்து வார்டு விளக்குகளை அணைத்தார்.